பயணம் இல்லை

மார்சிலிங்
14-3-1982

மகள் ரூபிக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் என் கையால் போட்டது.

கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்க வேண்டும் என்று ஆனி டீச்சர் சொன்னார். அப்படியே எழுதினேன். பிறகு நான் நலமாகத்தான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன்.

டீச்சரின் எழுத்து வகுப்பு நம் பிளாக்கின் கீழேயே நடப்பது என் அதிர்ஷ்டம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு வேறெங்கும் போக முடியாது. ஷிப்யார்டில் விழுந்ததிலிருந்து பஸ் படி எனக்கு மலைதான். லிஃப்டில் இறங்கினால் வகுப்பு, ஏறினால் வீடு. லிஃப்டுக்குள் நான்கு மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தமிழ் கடைசியில் இருக்கிறது. இத்தனை வருடம் அதை முருங்கைக்காய் வெட்டிப் போட்டது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் அது திடீரென்று பேசியது. 'எச்சில் துப்பாதீர்.' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை நாளும் என்னிடம் இதையா சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் தள்ளி நின்றுகொண்டார். இப்போது தைல பாட்டில், அரிசி மூட்டை எல்லாவற்றையும் படிக்கிறேன். 'ழ' போடும்போது மட்டும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

இனி நீ புதன்கிழமை வர முடியாது போலிருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து மேலே வரும் நம் சின்ன பஸ் இப்போது மத்தியானம் ஓடுவதில்லை என்று பக்கத்து வீட்டுப் பூவம்மா சொன்னார். காலையிலும் சாயந்தரமும் மட்டும்தானாம். தெரிந்தும் போன புதன்கிழமை வழக்கம் போல இரண்டு கோப்பையில் தேநீர் போட்டுவிட்டேன். ஒன்றைக் குடித்தேன். ஆறிய பிறகு மற்றதையும் குடித்தேன்.

கீழே போன் இருக்கிறது. ஆனால் உன் மாமியார்தான் எடுப்பார். அவரை நலம் விசாரித்து முடிப்பதற்குள் போட்ட காசு தீர்ந்துவிடும்.

உன்னிடம் சொன்னேனா? போன வருடக் கடைசியில் குடியிருப்பாளர் குழுவில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அரசாங்க ஆய்வு. தமிழ்த் தாளைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். பக்கத்து பிளாக்கையும் சேர்த்து எல்லாத் தமிழ் வீட்டுக் கதவையும் தட்டி, கேள்வியைப் படித்து, பதிலை நானே எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை என்றார் டீச்சர்.

பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது.

உன் அப்பா
அருளானந்தம்


கேலாங்
22-3-1982

அன்புள்ள அப்பா,

பெட்டியில் கடிதத்தைப் பார்த்ததும் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். முகவரியில் என் பெயருக்கு இரண்டு 'ரூ' போட்டிருந்தீர்கள். பிரித்துப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

மாமி கேட்டார், "யாரு லெட்டர்?"

"எங்க அப்பா."

"உங்க அப்பாவுக்குத்தான் எழுத வராதே."

"இப்ப வரும் மாமி," என்றேன். அப்பா, அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த திமிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் வராமல் இருக்கவில்லை. நீங்கள் இரண்டு கோப்பை தேநீர் குடித்த அன்று நானும் கிளம்பி வந்தேன். பெரியவள் உர்சுலாவை மத்தியானப் பள்ளியில் விட்டுவிட்டு, சின்னவனைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மெயின் ரோடு வரைக்கும் வந்துவிட்டேன். பஸ் நேரத்தைக் குறைத்தது எனக்குத் தெரியாது. நின்றேன், நின்றேன். கடைசியில் காப்பிக் கடைக்காரர், "இப்ப ஓடாது லா, அஞ்சு மணிக்கு மேலதான்," என்றார். சரி, நடக்கலாம் என்று மேட்டில் ஏறினேன். பையன் தோளில் தூங்கிவிட்டான். தூங்கும் பிள்ளை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியாது. பாதி மேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடு வந்து சேர்ந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உர்சுலா பள்ளி வாசலில் தனியாக நிற்பாள்.

அங்கிருந்து உங்கள் பிளாக் தெரிந்தது. சன்னலில் உங்கள் கட்டம் போட்ட துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்குக் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்போடு திரும்பிவிட்டேன்.

வரும் வழியில் பஸ் நிலையத்தில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். ஆய்வு செய்தார்களாம். அந்தக் குடியிருப்பில் பகலில் பயணம் செய்கிறவர்கள் மிகவும் குறைவாம். எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்திருப்பேன், கை இரண்டிலும் பாரம். நான் ஏறும்போதெல்லாம் அந்த பஸ்ஸில் கூடையும் பிள்ளையுமாகப் பெண்கள்தானே உட்கார்ந்திருப்பார்கள்? எந்த மடையன் போய் யாரிடம் கேட்டானோ!

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூபி


மார்சிலிங்
28-3-1982

மகள் ரூபிக்கு,

அந்த மடையன் நான்தான்.

இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் அந்தத் தாளில் இருந்த கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. நான் பல தடவை வாய்விட்டுப் படித்த கேள்வி. மறக்காது. 'நேற்று நீங்கள் எத்தனை பயணம் மேற்கொண்டீர்கள்? எங்கே? எந்த நேரத்தில்?' என்ன அழகான தமிழ்! நான் அதைப் பூசையில் வாசகம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

முதலில் பூவம்மா வீடு. அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையைக் கூட இறக்கவில்லை. "பயணமா? நான் எங்கண்ணே பயணம் போறது? ஊருக்குப் போயிப் பதினாறு வருஷமாச்சு. கப்பல்லயே போறதா இருந்தாலும் இவரு விடணுமே!" என்று சிரித்தார். நான் 'இல்லை' என்று எழுதினேன். அவர் கையில் கீரைக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. என் கண் தாளில் இருந்தது.

அடுத்தது ருக்கையா. கிளினிக்கிலிருந்து மருந்து பாட்டிலோடு வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். "பயணமா? ஹஜ்ஜுக்குப் போகணும்னு நிய்யத்து இருக்கு. அல்லா கூப்பிடணும்ல." நான் 'இல்லை' என்று எழுதினேன். 'ல்லை' எழுத எனக்கு மிகவும் பிடிக்கும், நல்ல வளைவு.

ஒரு வீட்டில் புதுப்பெண் ஒருத்தி குடையோடு வெளியே கிளம்பினாள். அவளிடம் எங்கே என்று கேட்டேன். மாமியார் உள்ளேயிருந்து, "போறவளை எங்கே போறேன்னு கேக்கலாமா? போற காரியம் உருப்படுமா?" என்று கத்தினார். பயந்துபோய் அதற்கும் 'இல்லை' போட்டேன். வேலைக்குப் போகிறீர்களா என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "வீட்டுல சும்மாதாண்ணே இருக்கேன்."

ஆண்களிடம் கேட்டால் உடனே பதில் வந்தது. காலையில் ஷிப்யார்டுக்கு, சாயந்தரம் வீட்டுக்கு. அதையெல்லாம் எழுதினேன். பஸ்ஸும் இப்போது அப்படித்தான் ஓடுகிறது, காலையில் ஒரு பக்கம், சாயந்தரம் ஒரு பக்கம்.

என் வீட்டுக்கும் ஒரு தாள் உண்டு. அதிலும் 'இல்லை'தான் எழுதினேன். நான் எழுதிய 'இல்லை'களில் அது ஒன்றுதான் நிஜம்.

இவ்வளவு எழுதியதற்கே விரல் வலிக்கிறது.

அப்பா


கேலாங்
2-4-1982

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம்தான் தங்கியிருக்கிறது.

உங்கள் மேல் மட்டும் இல்லை. நீங்கள் என் கதவைத் தட்டிக் கேட்டிருந்தாலும் நான் பயணம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் என்னைக் குத்துகிறது. நேற்று நான் செருப்பு போட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். விடிந்ததும் ரொட்டி வாங்க. வந்து கழற்றினேன். பெரியவளுக்கு நோட்டுப் புத்தகம் இல்லையென்று மறுபடி. மார்க்கெட்டுக்கு ஒரு தடவை. மாமிக்குக் கண் ஆஸ்பத்திரி, பஸ்ஸில். வரும் வழியில் இறங்கித் தையற்காரியிடம். பிறகு பள்ளிக்கு. அங்கிருந்து நாத்தனார் வீட்டுக்கு, அவளுக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாள். அங்கிருந்து திரும்பவும் பள்ளிக்கு. இவர் இரவில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "இன்னிக்கு எங்கயும் போனியா?" "எங்கயும் போகலையே," என்றேன்.

அம்மாவும் அப்படித்தானே? எங்கே போனீர்கள் என்று கேட்டால் 'இங்கதான்' என்பார். அவருடைய 'இங்கதான்' எவ்வளவு தூரம் என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பாஸ்கா பண்டிகைக்கு வர முடியாது. இவருக்கு அன்றும் வேலை.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீர்கள் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. ஆனால் நான் எழுதத் தாமதமானால் ஏன் என்று கேட்காதீர்கள்.

ரூபி


மார்சிலிங்
9-5-1982

மகள் ரூபிக்கு,

நீ கேட்காதே என்றாய். கேட்கவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லலாம் அல்லவா?

பாஸ்கா அன்று தனியாகச் சாப்பிட்டேன். ருக்கையா ஒரு கிண்ணம் வட்டலப்பம் கொடுத்தனுப்பினார். சாப்பிடும்போது உன் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஒவ்வொரு செருப்புக்கும் நின்று நின்றுதான் படித்தேன். படித்து முடித்தபோது உன் பின்னாலேயே நடந்து வந்தது போல இருந்தது.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு திரும்பவும் பூவம்மா கதவைத் தட்டினேன். "தங்கச்சி, நேத்து எத்தனை தடவை செருப்பு போட்டீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "ஏண்ணே, உங்க செருப்பு காணாமப் போச்சா? நான் எடுத்தேன்னு யார் சொன்னா?"

வராந்தாவில் செருப்பு திருட்டுப் போவது உனக்குத் தெரியுமே. அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் பாதி மாடி கூடிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். நான் எழுதிய 'இல்லை'யால்தான் மத்தியான பஸ் நின்றுபோனதென்று. பூவம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி அண்ணே! வெயில்ல அந்த மேட்டுல மூட்டை தூக்கிட்டு ஏறுறேனே, அது உங்க புண்ணியமா?" பிறகு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருங்க. எழுதுங்க," என்றார்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "மார்க்கெட்டுக்கு ரெண்டு நடை. முதல் நடையில மீன் வரலை." "பிள்ளைக்கு ஊசி போட ஒரு நடை." "என் மாமனாருக்குச் சோறு கொண்டுபோக ஒரு நடை, பாத்திரம் எடுத்துட்டு வர ஒரு நடை." நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை ரூபி. எல்லார் வாயிலும் அதே வார்த்தைதான் வந்தது. தாளில் பயணம் என்று இருந்ததெல்லாம் இவர்கள் வாயில் நடை. எனக்கும் தெரிந்த வார்த்தைதான். அச்சில் இருக்கிற வார்த்தையே பெரிது என்று நான் நினைத்துவிட்டேன்.

மேல்மாடி மலாய் அம்மா, நாம் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், அவரும் வந்து நின்றார். என்ன கூட்டம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர்கள் தாளில் 'பெர்ஜாலானன்' என்று கேட்டிருந்தார்களாம், அதுவும் பயணம்தான். அவர் மலாக்காவுக்கோ என்று நினைத்து 'தடா', அதாவது இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஆகவே நான் ஒரே மடையன் இல்லை. கொஞ்சம் ஆறுதல்.

அத்தனையையும் கடிதமாக எழுதி ஆய்வு ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். டீச்சர் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். தமிழில் கேட்டார்கள், தமிழில் தப்பாகச் சொன்னேன், தமிழிலேயே திருத்துகிறேன் என்றேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. பூவம்மா இப்போது போகும்போதும் வரும்போதும் என் சன்னலில் தட்டி, "ஒரு நடை, எழுதிக்கோங்க!" என்று கேலி செய்துவிட்டுப் போகிறார். அந்த நேரம் தவிர மற்ற நேரம் அமைதிதான்.

அப்பா


கேலாங்
20-5-1982

அன்புள்ள அப்பா,

செருப்புத் திருடனைப் படித்து, இவரிடமும் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நாள் சாப்பிடும்போது, "இன்னிக்கு எத்தனை நடை?" என்று கேட்டார். கேலிதான். ஆனாலும் கேட்டார்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். இதை எப்படி எழுதுவது என்று பல நாளாக யோசிக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ரேடியோ பாகம் பூட்டுகிற ஃபேக்டரி. மத்தியான ஷிஃப்ட். உங்களிடம் வருவது நின்ற பிறகு புதன்கிழமை மத்தியானம் வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "சும்மா உக்காந்து கவலைப்படுறதுக்கு என்னோட வா லா," என்று கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்துக் கம்பி ஒட்ட வேண்டும். என் கை நடுங்கவில்லை. அன்றே எடுத்துக்கொண்டார்கள். சின்னவனை மாமி பார்த்துக்கொள்கிறார். உர்சுலாவையும் அவரே கூட்டி வருகிறார். அவரும் இப்போது நடக்கிறார், முனகிக்கொண்டே.

ஃபேக்டரி பஸ் பிளாக் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது, ராத்திரி வாசலிலேயே இறக்கிவிடுகிறது. பஸ் முழுவதும் பெண்கள். அதில் உட்கார்ந்து வரும்போது எனக்கு ஒன்று தோன்றும். கம்பி ஒட்டப் போனால் வாசலுக்கு பஸ் வருகிறது, அப்பாவைப் பார்க்கப் போனால் மேட்டில் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்பா, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. ஆனால் மத்தியானம் பஸ் திரும்பி வந்தாலும் புதன்கிழமை நான் வர முடியாது. நீங்கள் அந்தக் கடிதத்தை அனுப்பிய பிறகு இதைச் சொல்கிறேன் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ரூபி


மார்சிலிங்
18-7-1982

மகள் ரூபிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. முதலில் ஒன்று எழுதினேன். அதில் 'சந்தோஷம்' என்று போட்டேன். 'ஷ' சரியாக வரவில்லை என்று திரும்ப எழுதினேன். திரும்பவும் வரவில்லை. அப்படியே வைத்துவிட்டேன். இப்போது நன்றாக வருகிறது. சந்தோஷம். உன் கை நடுங்கவில்லை என்று படித்தபோது என் கையைப் பார்த்துக்கொண்டேன். உனக்கு உன் அம்மாவின் கை.

ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். சரஸ்வதி என்று பெயர். சின்ன வயது. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். என் கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், அந்தத் தமிழ்த் தாளை எழுதினது நான்தான்," என்றாள்.

"நல்ல தமிழ்ம்மா," என்றேன்.

"இங்கிலீஷ்ல டிரிப்னு இருந்துச்சு. டிக்‌ஷனரியைப் பார்த்துப் பயணம்னு போட்டேன். நான் தினமும் எங்க அம்மாகிட்ட நடைன்னுதான் பேசறேன். எழுதும்போது அது வரவே இல்லை, அங்கிள். வந்திருந்தாலும் எங்க ஆபீசர் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு. ரொம்ப சாதாரணமா இருக்குன்னுவாரு."

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்திருக்கும். பயணம்னு பார்த்ததும் எனக்குப் பெருமையா இருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். பூவம்மா காப்பி கொண்டுவந்தார். அந்தப் பெண்ணிடம், "நீ வேலைக்கு எப்படிம்மா போறே?" என்று கேட்டார். மூன்று பஸ் மாறுகிறாளாம். வழியில் அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போவாளாம். "உன்கிட்ட யாராச்சும் கேட்டா எத்தனை பயணம்னு சொல்லுவே?" என்றார் பூவம்மா. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "ஒண்ணுன்னுதான் ஆன்ட்டி சொல்லுவேன்," என்றாள்.

தமிழ்த் தாள் கொஞ்சம்தான், அதனால் மட்டும் பஸ் நிற்கவில்லை என்றாள். எல்லா மொழியிலும் வேலைக்குப் போகிறவர்களைத்தான் முதலில் கேட்டார்களாம், மற்றது கடைசிப் பக்கமாம். திரும்பக் கேட்கச் சொல்லி மேலே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மேலே எழுதுவது என்றால் நமக்குத் தெரியும். நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் போன வாரம் கீழே அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து மத்தியானமும் பஸ் ஓடும். சோதனைக்காக. ஆள் ஏறினால் நிலைக்கும், ஏறாவிட்டால் நின்றுவிடும். நான் அதை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை எனக்காக, ஒரு தடவை பூவம்மாவுக்காக, ஒரு தடவை சும்மா.

நீ அதில் வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீயே வருத்தப்பட்டு எழுதிவிட்டாய், இன்னொரு தடவை எழுத வேண்டாம்.

அப்பா


கேலாங்
30-7-1982

அன்புள்ள அப்பா,

இடைவேளையில் எழுதுகிறேன், எழுத்து ஓடும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரோடு நிச்சயம் வருவோம். எனக்குத் தெரியும், அது புதன்கிழமை போல் இருக்காது. இவர் சோபாவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார், நீங்கள் இவருக்கு மரியாதையாக ஷிப்யார்டைப் பற்றிப் பேசுவீர்கள், நான் சமையலறையில் இருப்பேன். புதன்கிழமை நாம் என்ன பேசினோம்? ஒன்றும் இல்லை. நீங்கள் பையனுக்கு நகம் வெட்டுவீர்கள், நான் அரை மணி நேரம் தூங்குவேன். என் வீட்டில் யாரும் என்னைப் பகலில் தூங்கவிட்டதில்லை அப்பா.

வருடக் கடைசியில் காலை ஷிஃப்ட் கேட்டிருக்கிறேன். கொடுத்தால் மத்தியானம் கிடைக்கும். கொடுப்பார்களா என்று தெரியாது. அதுவரை அந்த பஸ் ஓடுமா என்றும் தெரியாது.

மணி அடித்துவிட்டது.

ரூபி


மார்சிலிங்
12-8-1982

மகள் ரூபிக்கு,

நேற்று புதன்கிழமை. மத்தியான பஸ்ஸைப் பார்க்கக் கீழே போனேன். நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு இல்லாத நாள், வேறு வேலையும் இல்லை.

முதல் பஸ்ஸில் பூவம்மா இறங்கினார், இன்னும் நான்கைந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குச்சட்டி. நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். ருக்கையாவின் மகள். "அங்கிள், எங்க அம்மா வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். அவள் லிஃப்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலே கதவு திறந்து, "வந்துட்டியா! வெயில்லயா வந்தே?" என்று ருக்கையா கேட்பது கீழே வரைக்கும் கேட்டது.

உடனே வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே இருந்தேன்.

அடுத்த பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை. ஏறவும் யாரும் இல்லை. உள்ளே ஓர் ஆள் கூட இல்லை. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீ எழுதியதை நினைத்துக்கொண்டேன். வருடக் கடைசி வரை அது ஓட வேண்டும். இப்படிக் காலியாக ஓடினால் எத்தனை நாளைக்கு விடுவார்கள்?

கம்பியைப் பிடித்தேன். முட்டி உயிர் போனது. முதல் படியில் நின்று மூச்சு வாங்கினேன். டிரைவர் மலாய்க்காரர், நல்ல மனிதர், எஞ்சினை அணைத்துவிட்டார். "பெலான் பெலான், அங்கிள்," மெதுவாக ஏறுங்கள் என்றார். ஏறிவிட்டேன். காசைப் போட்டேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"பூசிங் லா," என்றேன். "ஒரு சுத்து. இங்கேயே இறக்கி விட்ரு."

அவர் சிரிக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கதவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். மார்க்கெட், கிளினிக், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தது. இந்தக் குடியிருப்புக்கு வந்து இத்தனை வருடத்தில் இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. மெயின் ரோட்டில் திரும்பும் இடத்தில் நீ ஏறிப் பாதியில் நின்ற மேடு வந்தது. அங்கிருந்து என் சன்னல் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிகிறது. துண்டு கூடத் தெரிகிறது.

ஏறிய இடத்திலேயே இறங்கினேன். இறங்குவது ஏறுவதை விடக் கஷ்டம். ராத்திரி முழுவதும் முட்டியில் தைலம் தேய்த்தேன்.

அடுத்த புதன்கிழமையும் ஏறுவேன். அந்த நேரத்தில் ஓர் ஆள் ஏறினான் என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். உனக்குக் காலை ஷிஃப்ட் கிடைக்கும்போது கிடைக்கட்டும், நீ அவசரப்படாதே.

அப்பா